கேஸே இல்லாத பெட்டிக்குக் கேஸ் நிரப்பிய கணக்கு: ஒயின் கூலர் குறித்துப் புகார்

அனுப்புநர்:
குருசுக்குப்பம், புதுச்சேரி
(பெயர், கைப்பேசி எண், ஆர்டர் எண் எல்லாம் இணைத்துள்ள பில் நகலில் உள்ளன)

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
தங்கள் நிறுவனத்தின் தலைமை அலுவலகம்

நாள்: 16.06.2025

பொருள்: 18.11.2024 அன்று வாங்கிய 28 பாட்டில் ஒயின் கூலர் கோடையில் குளிராதது, அதற்குத் தவறான பழுதுபார்ப்புக் கட்டணம் வசூலித்தது, பணத்தைத் திரும்பக் கோருவது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

இதே விஷயத்துக்காக உங்கள் உதவி எண்ணுக்கு ஒன்பது முறை பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுப்பார், முதலிலிருந்து கதை சொல்லச் சொல்வார். அதனால் இந்தத் தடவை எழுதியே அனுப்புகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள், நானும் ஏழு மாதம் பொறுமையாகத்தான் இருந்தேன்.

நான் பிரெஞ்சு ராணுவத்தில் 15 ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் எங்களைச் சொல்தா என்பார்கள். சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் என்பது அங்கிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். மகள் அங்கேதான் இருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஒருவர் 2 லிட்டர் மதுதான் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். அதாவது ஆளுக்கு இரண்டு பாட்டில். இப்படி இரண்டிரண்டாகச் சேர்த்து வந்தவைதான் இந்தக் கூலரில் நான் வைத்த பாட்டில்கள். கடைக்குப் போய் ஒரே நாளில் வாங்கி அடுக்கியவை அல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஒயினை 12 முதல் 14 டிகிரிக்குள் அசங்காமல் வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும். புதுச்சேரியில் அப்படி ஓர் இடம் வீட்டுக்குள் கிடையாது. எனவேதான் உங்கள் இணையப் பக்கத்தில் 'இந்திய வெயிலுக்கென்றே வடிவமைத்தது, 5 முதல் 18 டிகிரி வரை' என்று போட்டிருந்ததைப் பார்த்து 34,500 ரூபாய் கட்டினேன். பெட்டியின் கண்ணாடிக் கதவிலும் 'டிராபிக்கல்', அதாவது வெப்பமான நாடுகளுக்கானது, என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டி வந்தது. இன்னும் அப்படியே இருக்கிறது, உரிக்கவில்லை.

வாங்கியது மழைக்காலம். நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் பெட்டி பிரமாதமாக ஓடியது. சத்தமே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் உங்கள் நிறுவனத்தைச் சிபாரிசு செய்தேன். அவர்களில் யாரும் வாங்கவில்லை என்பது இப்போது எனக்கு ஆறுதல்.

மார்ச் தொடக்கத்தில் குளிர் குறைந்தது. 12ல் வைத்தால் 20 காட்டியது. முதலில் வந்த உங்கள் டெக்னீஷியன் நல்ல பிள்ளை. பின்பக்கக் காற்றாடி உப்பும் தூசியும் ஏறி இறுகிப்போயிருந்ததைக் காட்டினார். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். ஜன்னல் கம்பியையே தின்கிற காற்று, காற்றாடியை விடுமா? 12.03.2025 அன்று புதிது மாற்றினார். மாதம் ஒருமுறை பிரஷ் வைத்துத் தட்டச் சொன்னார். தட்டி வருகிறேன். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். பெட்டிக்குள் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டர், அறையில் இன்னொன்று. காற்றின் சூடு கதவைத் திறந்து மூடினாலே மாறிவிடும், தண்ணீரின் சூடு அப்படி மாறாது, அதற்காக டம்ளர். தினமும் பகல் 2 மணிக்குப் பார்த்து எழுதினேன். மார்ச்சில் அறை 30, உள்ளே 16. ஏப்ரல் நடுவில் அறை 33, உள்ளே 19. அக்னி நட்சத்திரம் தொடங்கி நாலாம் நாள் அறை 36, உள்ளே 22. இதைப் பார்க்கக் கணக்கு வாத்தியார் வேண்டாம். எந்த நாளை எடுத்தாலும் வித்தியாசம் 14 டிகிரி. பெட்டி தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அதால் முடிந்தது அவ்வளவுதான்.

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. பழுது என்றே நினைத்து மறுபடி உங்களை அழைத்தேன். போனில் பேசியவர் சொன்னதையெல்லாம் செய்தேன். ஸ்டெபிலைசர் வைத்தேன். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். கதவு ரப்பரில் பத்து ரூபாய் நோட்டைச் செருகி இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. கடைசியில் 10.05.2025 அன்று இரண்டாவது டெக்னீஷியன் வந்தார். "ரூமுக்கு ஏசி போடுங்க சார், சரியாயிடும்" என்றார். ஏசி அறையில் வைத்தால்தான் கூலர் குளிரும் என்றால், அதை ஸ்டிக்கரில் அல்லவா போட்டிருக்க வேண்டும்? நான் விடாமல் கேட்டதும் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் போர்டு போயிருக்கிறது என்றார். புது போர்டு வரும்வரை பெட்டியை அணைத்து வைக்கச் சொன்னார். "கதவைத் திறக்காதீங்க, குளிர் உள்ளயே நிக்கும்" என்று யோசனையும் சொன்னார்.

போர்டு வர ஒன்பது நாள் ஆனது. ஆறு பாட்டில்களைச் சமையலறை ஃபிரிட்ஜில் திணித்தேன். அதற்கே வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டேன், மாவுப் பாத்திரத்துக்கு இடமில்லை என்று. மீதி பெட்டிக்குள்ளேயே கிடந்தன. மே மாத நடுவில், கண்ணாடிக் கதவு போட்ட மூடிய பெட்டி எத்தனை நாள் குளிரைப் பிடித்து வைக்கும்? மூன்றாம் நாள் உள்ளே 33. ஒயின் சூட்டில் விரியும், விரிந்தால் கார்க்கைத் தள்ளும். ஏழு பாட்டில்களில் கார்க் மேலே எழும்பி, கழுத்தோரம் பிசுபிசுவென்று கசிந்திருந்தது. ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஜாம் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

19ஆம் தேதி போர்டு மாற்றினார்கள். மறுநாள் பகல் 2 மணி: அறை 36, உள்ளே 22.

இப்போதுதான் முக்கியமான இடம். 27.05.2025 அன்று மூன்றாவது ஆள் வந்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், கேஸ் தீர்ந்துவிட்டது என்றார். வாரண்டியில் கேஸ் வராது என்றார். என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நான் எடுத்துவரப் போய்த் திரும்புவதற்குள் வேலை முடிந்தது என்று பையை மூடினார். பத்து நிமிடம் கூட ஆகவில்லை. பில்: கேஸ் சார்ஜிங் 2,400, வருகைக் கட்டணம் 650, ஜி.எஸ்.டி. 549, மொத்தம் 3,599 ரூபாய். மறுநாள்: அறை 36, உள்ளே 22.

நெல்லித்தோப்பில் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரை அழைத்தேன். உங்கள் வாரண்டி சீலை அவர் தொடவில்லை, சீல் உடையாமல் இருப்பதன் போட்டோவும் இணைத்திருக்கிறேன். பின்பக்கக் கம்பி வலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார். அரை நிமிடத்தில் நிமிர்ந்து, "இதுல கம்ப்ரஸரே இல்லையே சார், கேஸை எங்க ஊத்துனாங்க?" என்றார்.

கம்ப்ரஸர் இல்லை. செம்புக் குழாய் இல்லை. கேஸில் ஓடுகிற எந்தக் குளிர்பெட்டியிலும் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று பெயர்த்தகட்டில் அச்சிட்டிருக்கும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பார்த்தேன், 'ஆர்600ஏ' என்று இருக்கிறது. உங்கள் பெட்டியின் தகட்டில் அந்த வரியே இல்லை. அதில் இருப்பது பெல்டியர் தகடு. மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். சுடுகிற பக்கத்தின் வெப்பத்தைக் காற்றாடி வைத்து அறைக்குள் தள்ள வேண்டும். அறையே கொதித்துக் கிடந்தால் எங்கே தள்ளுவது? இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், 1834ல். அவர் மேல் எனக்கு வழக்கில்லை. சத்தமில்லாத, அதிராத, நல்ல ஏற்பாடுதான், குளிர்ந்த ஊருக்கு.

அந்தத் தகட்டில் இன்னொன்றும் இருக்கிறது. தட்பவெப்ப வகை: 'என்'. அதாவது அறை வெப்பம் 16 முதல் 32 டிகிரி வரை இருக்கும் இடங்களுக்கானது. 38 வரை தாங்குவது 'எஸ்.டி.', 43 வரை தாங்குவது 'டி'. டிராபிக்கல் என்ற சொல்லின் முதல் எழுத்துதான் அந்த 'டி'. முன்பக்கம் தங்க எழுத்தில் டிராபிக்கல், பின்பக்கம் பொடி எழுத்தில் 'என்'. கையேட்டின் 14ஆம் பக்கத்தில், அறை 25 டிகிரிக்கு மேல் போனால் குளிரூட்டும் திறன் குறையலாம் என்று நீங்களே எழுதியும் வைத்திருக்கிறீர்கள். புதுச்சேரியில் மே மாதம் விடியற்காலையில்கூட என் அறை 29க்குக் கீழே இறங்கவில்லை.

ஆகவே என் புகார் பெட்டி பழுதானது என்பது அல்ல. காற்றாடியைத் தவிர அதில் எதுவுமே பழுதாகவில்லை. இந்த வெயிலில் ஓடாது என்று தெரிந்த பொருளை, இந்த வெயிலுக்கே செய்தது என்று சொல்லி விற்றீர்கள். பிறகு, இல்லாத பழுதுக்கு ஆள் அனுப்பி, போர்டு மாற்றி, இல்லாத கேஸை நிரப்பி, பணமும் வாங்கினீர்கள். ஜூன் 3ஆம் தேதி போனில் பேசிய உங்கள் மேலாளர் இன்னொரு போர்டு மாற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம். அதே ரகத்தில் புதுப் பெட்டி தருவதும் வேண்டாம், அதுவும் 14 டிகிரிதான் இறக்கும்.

நான் கேட்பவை இவை. பெட்டியின் விலை 34,500 ரூபாயும், கேஸுக்கு வாங்கிய 3,599 ரூபாயும் முழுதாகத் திரும்ப வேண்டும். கெட்டுப்போன ஏழு பாட்டில்களில் நான்குக்கு மட்டும் மகளிடம் ரசீது இருக்கிறது, மொத்தம் 68 யூரோ, அதையும் தர வேண்டும். மற்ற மூன்றும் அன்பளிப்பாக வந்தவை, அவற்றுக்கு விலை போடத் தெரியாததால் விட்டுவிடுகிறேன். இணையப் பக்கத்தில் இது பெல்டியர் பெட்டி, கம்ப்ரஸர் இல்லை, அறை 32 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று விலைக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். அந்த மூன்றாவது ஆள் இன்னும் எத்தனை வீட்டில் இப்படிக் கேஸ் நிரப்பினார் என்று நீங்கள் விசாரித்தால் நல்லது.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் பதிவு செய்துவிட்டு, புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்குபவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. ஓய்வு பெற்றவன், நேரமும் நிறைய இருக்கிறது.

பில் நகல்கள், நோட்டுப் புத்தகத்தின் பக்கங்கள், பெயர்த்தகடும் ஸ்டிக்கரும் ஒரே படத்தில் தெரியும் போட்டோ ஆகியவற்றை இணைத்துள்ளேன். பெட்டியை எடுத்துப்போக ஆள் அனுப்பும்போது இரண்டு பேராக அனுப்புங்கள். மாடிப்படி குறுகல், பழைய காலத்து வீடு. காலை 11 மணிக்குள் வரட்டும், அதற்கு மேல் வெயில் ஏறிவிடும்.

இப்படிக்கு,
(ஒப்பம்)