நினைவு மலரில் விட்டுப்போனவை

அன்புள்ள மருமகளுக்கு,

என் அம்மா, உன் அப்பம்மா, செத்த முப்பத்தோராம் நாளுக்கு நீ செய்து அனுப்பிய நினைவு மலரைப் பார்த்தேன். படங்கள் வடிவாக வந்திருக்கின்றன, தேவாரங்களும் சரி. ஆனால் வாழ்க்கைக் குறிப்பு என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறாயே, அதில் இருப்பது உன் அப்பம்மா இல்லைப் பிள்ளை. கோபிக்காதே. மற்றப் பேரப்பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

'அறுசுவையோடு சமைத்து ஊட்டிய தாய்' என்று எழுதியிருக்கிறாய். சமையலா? அம்மாவின் கறியில் எந்த நாளும் உப்புத் தூக்கலாகத்தான் இருக்கும். உலையை வைத்துவிட்டு வயலில் வக்கடை, அதுதான் வரம்பில் தண்ணீர் விடுகிற வாய், பார்க்கப் போய்விடுவார், திரும்பி வரும்போது சோறு குழைந்து கிடக்கும், அதை நானும் உன் அப்பாவும் வாயே திறக்காமல் தின்றுதான் வளர்ந்தோம். நல்ல சாப்பாடு சாப்பிட ஆசை வந்தால் பெரியம்மா வீட்டுக்குப் போவோம்.

அந்தப் பக்கத்தில் எழுத வேண்டியது வேறு. திருகோணமலைப் பக்கம் தம்பலகாமத்தில் ஏழு ஏக்கர் வயலை அறுபது வருஷத்துக்கு மேல் செய்தவர் அவர். அது அவருடைய சீதனக் காணி. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தானே போகும். ஆனால் அரசாங்கக் கந்தோரில் வயல் செய்பவர் என்று பதிந்திருந்தது உன் அப்பப்பாவின் பெயர், உர மானியம் வந்ததும் அந்தப் பெயருக்குத்தான். அப்பப்பா நல்ல மனுசன், நான் குறை சொல்ல வரவில்லை. அவரே ஆட்களிடம் "அவளைக் கேட்டுச் சொல்றன்" என்றுதான் சொல்லுவார்.

சிறுபோகத்துக்கு, அதாவது குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்கிற விதைப்புக்கு, முன்னம் கூட்டம் வைப்பார்கள். எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் தருகிற கந்தளாய்க் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது என்றெல்லாம் அங்கேதான் முடிவாகும். அப்பப்பா சைக்கிளை எடுக்கும்போது அம்மா படலையடியில் நின்று சொல்லி அனுப்புவார்: "வாய்க்கால் கடைசியில இருக்கிறவனுக்கு முதல் தண்ணி குடுக்கச் சொல்லுங்கோ. தலைப்பில இருக்கிறவன் எப்பிடியும் எடுத்துப்போடுவான்." அப்பப்பா அதை அப்படியே போய்ச் சொல்லுவார். அண்ணை நியாயமாகக் கதைக்கிறார் என்று கூட்டத்தில் நல்ல பெயர் வேறு!

விதைநெல் விஷயத்தில் மட்டும் அவர் யாரையும் நம்பியதில்லை. தண்ணீரில் கொட்டி, மிதக்கிற பதரை அரித்து எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சாக்கில் கட்டி ஒரு பகல் ஒரு இரவு ஊறப்போடுவார். பிறகு தண்ணீரை வடியவிட்டு, வைக்கோலைப் போட்டு மூடி, மேலே பாரம் வைப்பார். அதோடு வேலை முடியாது, முளை கட்டுகிற நெல்லுக்குச் சூடு ஏறும். சாமத்தில் எழும்பிக் கைவிளக்கோடு போய்ச் சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார், சூடு கூடினால் தண்ணீர் தெளிப்பார், இல்லையென்றால் இன்னொரு பிடி வைக்கோல். முளை வெள்ளையாகத் தலைகாட்டினால் விதைக்கலாம், நீண்டுவிட்டால் வீசும்போது முறிந்துபோகும். காயப்போட்ட நெல்லையும் அப்படித்தான், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார், 'டிக்' என்று உடைந்தால்தான் மூட்டை கட்டவிடுவார். கடைசிக் காலத்தில் பல் இல்லை, என்னைக் கடிக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் காதைக் கொண்டு வருவார்.

எருமை கட்டிச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்த காலத்தில் களவெட்டிக்குள், அந்தச் சூடு மிதிக்கிற களத்துக்குள், பெண்கள் போகக்கூடாது என்பது எங்கள் வட்டை வயல்களில் இருந்த வழக்கம். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். அம்மாவுக்கு வந்ததா தெரியாது. பூவரச மரத்தடியில் நின்று வருகிற மூட்டைகளை எண்ணுவார், கணக்குப் பிழைத்தால் உள்ளே இருக்கிற ஆம்பிளைகளுக்குத்தான் பேச்சு விழும். பிறகு ட்ராக்டர் வந்தது, வெட்டு மெசின் வந்தது, வழக்கமும் போய்விட்டது.

பிறந்த வருஷம் 1933 என்று சரியாகப் போட்டிருக்கிறாய். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது ஒன்பது வயது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லுவார். 1964 மார்கழிப் புயலில் கூரை போனது, உன் அப்பா அப்போது கைக்குழந்தை. இவற்றை ஒரு வரியில் எழுதினால் போதும்.

கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியது 1986. ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட சனம் செத்துப்போனது. எங்கள் வயலில் மணல் ஏறிக் கிடந்தது, அதைவிடப் பெரிய அடி, குளமே வெறுமையாகிவிட்டது, இனி எந்தத் தண்ணீரை நம்பிச் சிறுபோகம்? அப்பப்பா திண்ணையில் குந்திவிட்டார். அம்மா கந்தளாயில் இழவு விழுந்த வீடுகளுக்குப் போய்வந்தார், பிறகு கடகத்தை எடுத்துக்கொண்டு மணல் அள்ளப் போனார். ஈரம் நின்ற துண்டில் எள்ளு விதைத்தார். பெரிதாக ஒன்றும் விளையவில்லை, பாதி காய்ந்தது. ஆனால் அந்த வருஷம் கடன் வாங்காமல் சமாளித்தோம்.

1990 இல் யுத்தத்தால் ஊரை விட்டு ஓடியதும் அப்படித்தான். திரும்பிப் போனபோது வரம்பே தெரியாமல் பற்றை மூடியிருந்தது. பக்கத்து வயல்காரர் கிண்ணியாக் காக்காவும் (முஸ்லிம் அண்ணரை நாங்கள் காக்கா என்போம்) அம்மாவும் மருத மரத்தை அடையாளம் வைத்து, சண்டை பிடித்துப் பிடித்தே எல்லை போட்டார்கள். செத்தவீட்டுக்கு வந்த காக்கா, "ஒரு முழம் வரம்பு இன்னும் எனக்குத்தான் வரோணும் தங்கச்சி" என்று சொல்லி அழுதார்.

2021 இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அப்போது எண்பத்தெட்டு வயது. மாட்டெருவில் வயல் செய்து பழகியவர், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "யூரியாவுக்குப் பழகின மண்ணை ஒரு போகத்தில மறக்கச் சொன்னா மறக்குமா?" என்று கேட்டார். அந்தப் போகம் விளைச்சல் எப்படி விழுந்தது என்று நீயும் செய்தியில் பார்த்திருப்பாய்.

இன்னொன்று, அக்காவை எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் மறித்தது அம்மாதான். வயலுக்குப் போனால் எங்களைப் பார்க்க ஆள் வேண்டும் என்று. நான் படித்து ரீச்சராக வந்ததும் உன் அப்பா கனடா போனதும் அந்தக் கணக்கில்தான். அக்கா அதை மறக்கவில்லை, மறக்க வேண்டிய தேவையும் இல்லை. மலரில் அதையும் எழுது. அவளிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் சொன்னாள்.

அட்டைக்கு அந்த ஸ்டூடியோப் படம் வேண்டாம். வயலில் அறுத்த கதிரை உப்பட்டி கட்டுகிற படம் ஒன்று அக்காவிடம் இருக்கிறது, முகம் கொஞ்சம் கலங்கல்தான், இரவுக்கு அனுப்புகிறேன்.

அப்புறம், மழையோடு தொடங்குகிற பெரும்போகத்துக்கு வயலை யார் செய்வது என்று உன் அப்பா கேட்டிருந்தார். காக்காவின் மகன் குத்தகைக்குக் கேட்கிறான், அக்காவின் மகள் தானே செய்கிறேன் என்று நிற்கிறாள். எனக்கு அவள் செய்வதுதான் விருப்பம், ஆனால் வயல் பதிவு இன்னும் அப்பப்பாவின் பெயரிலேயே கிடக்கிறது. அதை அவள் பெயருக்கு மாற்ற உன் அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும். மலரை அனுப்பும்போது அதையும் கையெழுத்து வாங்கிச் சேர்த்து அனுப்பு. ஐப்பசி மழைக்கு முன்னம் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
மாமி