ஜூலியா மார்கன் நடைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவின் பெர்க்லியில் பெண்களுக்காகக் கட்டடக்கலைஞர் ஜூலியா மார்கன் கட்டிய வீட்டையும் கூடங்களையும் நடந்தே பார்க்கும் நம் தமிழ் நடை நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கே எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். ஆனால் யார் யாருக்கு எதற்காக என்று சொல்ல நேரம் இருக்கவில்லை. அந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, "சொராரிட்டி வீட்டைப் போய் எதுக்குப் பார்க்கணும்? பார்ட்டி நடக்கிற இடம்தானே?" என்று திட்டமிடும்போதே கேட்ட அக்காவுக்கு. சொராரிட்டி என்றால் கல்லூரிப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் நடைக்கு ஒரு தொடக்கம் கிடைத்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1870-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டதோடு சரி. ஆண்களுக்கான பவுல்ஸ் ஹால் விடுதி 1929-ல் வந்தது. பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதியாக ஸ்டெர்ன் ஹால் 1942-ல்தான் வந்தது. அதுவரை வெளியூர்ப் பெண் யார் வீட்டிலாவது அறை எடுத்துத் தங்க வேண்டும், இல்லையென்றால் சங்கமாகச் சேர்ந்து ஒரு வீட்டைப் பிடிக்க வேண்டும். சொராரிட்டி வீடுகள் அந்தத் தேவையில் வளர்ந்தவை. எல்லாப் பெண்களுக்கும் அங்கே இடம் இருந்ததா என்றால் இல்லை. நெடுங்காலம் அந்தக் கதவுகள் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண்களுக்கே திறந்தன. "அதையும் மறைக்காம சொல்லு" என்று சொன்னதும் அதே அக்காதான்.

டூரண்ட் அவென்யூவில் இருக்கும் கப்பா ஆல்ஃபா தீட்டா என்ற சொராரிட்டியின் வீட்டை எதிர் நடைபாதையில் நின்றுதான் பார்த்தோம். பிள்ளைகள் குடியிருக்கும் இடத்துக்குள் கூட்டமாக நுழைவது முறையல்ல. மார்கன் இங்கே படித்தபோது அந்தச் சங்கத்தில் இருந்தவர். 1894-ல் சிவில் இன்ஜினியரிங் முடித்து, பாரிஸின் எக்கோல் தே போசார்ட் கலைப்பள்ளியில் கட்டடக்கலைக்குச் சேர்க்கப்பட்ட முதல் பெண்ணாகி, 1904-ல் கலிபோர்னியாவில் கட்டடக்கலைஞர் உரிமம் பெற்ற முதல் பெண்ணும் ஆனார். 1908-ல் தன் சங்கத்துக்கே வீடு வரைந்து கொடுத்தார்.

உள்ளே போக முடியாத குறையைத் தீர்த்துவைத்த தங்கைக்குத் தனி நன்றி. அவள் இலினாய்ப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அங்குள்ள ஒரு பழைய சொராரிட்டி வீட்டில் இருந்தவள். அர்பானா-ஷாம்பேனில் அத்தகைய வீடுகள் பல, தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலேயே இருக்கின்றன. வெளியே பார்த்தால் ஆங்கிலேயப் பண்ணையார் மாளிகை போலத் தோற்றம். உள்ளே கீழ்த்தளத்தில் விருந்தினர் கூடம், சாப்பாட்டு அறை, பெண்களைக் கவனித்துக்கொள்ளும் 'ஹவுஸ் மதர்' அம்மாளுக்கு வாசலைப் பார்த்தபடி ஓர் அறை. சமையல்காரருக்கும் சாமான் வருவதற்கும் பின்படிக்கட்டு. மேலே படிக்கவும் துணி மாற்றவும் மட்டும் சின்னச் சின்ன அறைகள். தூக்கம் எல்லோருக்கும் ஒரே கூடத்தில், அடுக்குக் கட்டில்களில், ஜன்னலைத் திறந்து வைத்தபடி. காசநோய்க்குப் பயந்த காலத்தில் குளிர்ந்த காற்று உடம்புக்கு நல்லது என்று நம்பினார்கள். வீட்டின் வரைபடத்திலேயே அந்த நம்பிக்கை ஏறிவிட்டது. நம்பிக்கை போனபிறகும் வழக்கம் போகவில்லை. மின்சாரப் போர்வைக்குள் சுருண்டுகொண்டு, யாரையும் எழுப்பாத மாதிரி தலையணைக்கடியில் அலாரம் வைத்துத் தூங்கியதை அவள் சொன்னபோது, கூட வந்த பெரியவர்களுக்கெல்லாம் நம்ம ஊர் ஹாஸ்டல் நினைவு வந்து பேச்சு திசை மாறிவிட்டது. அதை நான் தடுக்கவில்லை. நடையில் அதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அப்புறம் நம் திருச்சி மாமா. பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்று, பேரனைப் பார்க்க வந்தவரை நாம் விடாப்பிடியாக இழுத்து வந்தோம். 1930-ல் முடிந்த பெர்க்லி மகளிர் நகர மன்றத்தில், இப்போது ஹோட்டலாக இருக்கும் அந்தக் கட்டடத்தின் வளைவுகளைப் பார்த்து நாங்கள் "என்ன கல் வேலை!" என்று வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். மாமா தூணை உள்ளங்கையால் தட்டிவிட்டு, "கல்லாவது ஒண்ணாவது, எல்லாம் கான்கிரீட்டும்மா. இந்த வளைவுக்குச் சென்ட்ரிங் அடிச்ச ஆசாரியைத்தான் நீங்க கும்பிடணும்" என்றார். கம்பி கட்டிய கான்கிரீட்டில் மார்கனுக்கு ஏன் அவ்வளவு நம்பிக்கை என்பதையும் அவரே விளக்கினார். ஓக்லண்டில் மில்ஸ் கல்லூரிக்கு அவர் 1904-ல் கட்டிய மணிக்கூண்டு, 1906 பூகம்பத்தில் அசையாமல் நின்றது. அதற்குப் பிறகு வேலை தேடி வந்தது. மாமா, ஊருக்குத் திரும்பும் முன் இன்னொரு நாள் வர வேண்டும். லாபியிலும் நீச்சல்குளத்து வாசலிலும் நம்மைப் பொறுத்துக்கொண்ட ஹோட்டல் ஊழியர்களுக்கும் நன்றி. அத்தனை கேள்விக்கும் முகம் சுளிக்கவில்லை.

பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில் நம்மை வரவேற்ற தன்னார்வலர் அம்மையாருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் எழுதுகிறேன். மேலே பள்ளத்தாக்கில் இருக்கும் ஜூலியா மார்கன் ஹாலின் கதையை அவர் சொன்ன விதத்தில் சொல்ல எனக்கு வராது. இறுதியாண்டு ஆண்கள் 1906-ல் தங்களுக்கென்று ஒரு மரக்கூடம் கட்டிக்கொண்டார்கள். அதில் பெண்களுக்கு அனுமதி இல்லை. சரி என்று பெண்கள் தாங்களே பணம் திரட்டினார்கள். மார்கன் வரைந்தார், 1911-ல் கூடம் எழுந்தது. இங்கிலாந்தின் கர்ட்டன் பெண்கள் கல்லூரியை நினைத்து அதற்குக் கர்ட்டன் ஹால் என்று பெயர் வைத்தார்கள். 1946-ல் சாலை போடுவதற்காக ஒருமுறை நகர்த்தப்பட்டது. பிறகு பல காலம் குழந்தைகள் காப்பகமாக இருந்தது. வணிகப் பள்ளி விரிவாக்கத்துக்கு இடம் தேவைப்பட்டபோது 2014-ல் துண்டுகளாக அறுத்து, லாரியில் ஏற்றி, மலைமேல் கொண்டுபோய் மறுபடி பொருத்தினார்கள்.

உள்ளே போனால் ஒரே கூடம், செங்கல் கணப்பு, சுற்றிலும் வண்ணம் பூசாத ரெட்வுட். உத்தரங்களைக் கூரைப் பலகை போட்டு மறைக்கவில்லை. எது எதைத் தாங்குகிறது என்று சின்னப் பிள்ளைகூடக் கைநீட்டிச் சொல்லிவிடும். எளிதில் செல்லரிக்காத மரம் என்பதால்தான் இத்தனை இடமாற்றத்தையும் தாங்கியது என்றார் மாமா. சான் சிமியோனில் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்ட்டுக்காக மார்கன் 1919 முதல் கட்டிய கோட்டையைப் பார்க்கத்தான் ஊரே போகிறது. நானும் போயிருக்கிறேன். என் ஓட்டு இந்தச் சின்னக் கூடத்துக்குத்தான். கோட்டையில் சொந்தக்காரரின் ஆசை தெரிகிறது, இங்கே உட்காரப்போகிறவர்களை நினைத்துப் பார்த்த மனசு தெரிகிறது.

வரைபடங்களைத் தேடி எடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. மார்கனின் தாள்கள் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் கால் பாலி பல்கலைக்கழக நூலகத்திலும் பெர்க்லியின் சுற்றுச்சூழல் வடிவமைப்பு ஆவணக்காப்பகத்திலும் இருக்கின்றன. மின்னஞ்சலுக்குப் பொறுமையாகப் பதில் போட்ட நூலகர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். மலையேறுவதற்கு வண்டி ஓட்டியவர்கள், பெர்க்லியில் பார்க்கிங் தேடி அலைந்தவர்கள், வெயிலில் முழங்கால் வலியோடு நடந்த பாட்டிமார்கள், எலுமிச்சை சாதமும் வடுமாங்காயும் கட்டிக்கொண்டு வந்த வீடுகள், யாரையும் மறக்கவில்லை.

மாமா கையால் போட்ட வளைவுப் படத்தின் நகல் வேண்டுவோர் குழுவில் சொல்லுங்கள், அனுப்புகிறேன். மூடியில் பச்சை நூல் கட்டிய எவர்சில்வர் தூக்கு ஒன்று என் வண்டியில் கிடக்கிறது. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
நடையை ஒருங்கிணைத்தவள்