டோவரிலிருந்து ராஜுவுக்கு

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் இந்த வருடம் பள்ளிக்கூடம் முடிக்கிறாள், அடுத்து என்ன என்று வீட்டில் தினமும் பேச்சு.

உன் அக்கா மகனுக்கு இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்ஸின் கலேக்கும் இடையே வண்டிகளையும் பயணிகளையும் ஏற்றிப் போகும் ஃபெரி கப்பலில், நான் பார்க்கிற இதே தடத்தில், வேலை வந்திருக்கிறது, “ஒன்றரை மணி நேரம் போய் ஒன்றரை மணி நேரம் திரும்புவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது” என்று அவன் தயங்குகிறான் என்று எழுதியிருந்தாய். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், அவனிடமும் படிக்கக் கொடு.

பல்க் கேரியர் என்ற பெரிய சரக்குக் கப்பலில் துறைமுகத்தைப் பார்க்க நாம் வாரக்கணக்கில் காத்திருப்போம். ஃபெரியில் துறைமுகம்தான் வேலையே. கப்பலின் கதவு திறந்ததும் லாரிகள் இறங்கும். கடைசி வண்டி கரையேறும்போதே அடுத்த வரிசை எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கும். முழுப் பாரத்தோடு 44 டன் வரும் லாரிகள் ஒரு பக்கமாகவே ஏறினால் கப்பல் அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். உடனே சாய்வைச் சரிசெய்யும் ஹீலிங் டாங்கில் பம்பு ஓடி, தண்ணீர் எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். தளத்தில் நிற்கிற பையன் லாரிக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து இரண்டு கையாலும் வா வா என்று கூப்பிட்டு, முன் வண்டிக்கு ஒரு முழம் இருக்கையில் முஷ்டியை மூடுவான். உடனே குனிந்து சக்கரத்துக்குக் கட்டை வைப்பான். காற்று பலமாக இருந்தால் சங்கிலியும் போடுவான். குளிர்சாதன லாரி என்றால் கரண்ட் கேபிளையும் செருகவேண்டும். டீசல் புகையும் இரைச்சலும் சூழ்ந்த இடத்தில் இத்தனையும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தாகவேண்டும். மேலே பயணிகள் காபி வாங்க வரிசையில் நிற்கிறார்கள், அவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

அப்புறம் கடல். டோவர் ஜலசந்தியின் குறுகலான இடம் சுமார் 33 கிலோமீட்டர்தான். அதற்குள் ஒரு நாளைக்கு 400 கப்பல்களுக்கு மேல் போகின்றன. தென்மேற்கே போகிறவை இங்கிலாந்துப் பக்கம், வடகிழக்கே போகிறவை பிரான்ஸ் பக்கம். நாங்கள் இரண்டு பாதைகளையும் குறுக்கே வெட்டிப் போகிறோம். டோவரிலிருந்து போகும்போது முதல் பாதையில் கப்பல்கள் இடப்பக்கமிருந்து வரும், அவைதான் நமக்கு வழிவிடவேண்டும். இரண்டாவது பாதையில் வலப்பக்கமிருந்து வரும், வழிவிடவேண்டியவர்கள் நாங்கள். கலேயிலிருந்து திரும்பும்போதும் அதே கதை: முதல் பாதி அவர்கள், பின் பாதி நாங்கள். இரவு மழையில் ராடார் திரை நிறையப் புள்ளிகள் இருக்கும்போது இது எவ்வளவு வேலை வாங்கும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

நம் குற்றாலீஸ்வரன் 1994-இல் சிறுவனாக நீந்திக் கடந்தது இந்த ஆங்கிலக் கால்வாயைத்தான். இப்போதும் கோடையில் நீச்சல்காரர்கள் துணைப்படகோடு வருவார்கள். மனதைப் பிசைவது அகதிகள் ஏறி வரும் ரப்பர் படகுகள். 2021 நவம்பர் 24 அதிகாலை அப்படி ஒரு படகு மூழ்கிக் குறைந்தது 27 பேர் இறந்துபோனார்கள். அதிலிருந்து இருட்டில் கண்காணித்து நிற்கிற எந்த வாட்ச்சும் எனக்குச் சாதாரணமாகப் போனதில்லை.

உனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: 2023-இல் பி அண்ட் ஓ கம்பெனியின் பயனீர் என்ற ஃபெரி வந்தது. சீனாவின் குவாங்சோவில் கட்டிய கப்பல், 230 மீட்டர், இரண்டு முனையிலும் பிரிட்ஜ், அதாவது கப்பலைச் செலுத்தும் அறை. துறைமுகத்துக்குள் திரும்பவே வேண்டாம், கேப்டன் அடுத்த முனைக்கு நடந்து போனால் போதும். கூடவே பேட்டரியும் உண்டு.

உன் அக்கா மகன் முக்கியமாகத் தெரிந்துகொள்ளவேண்டியது வண்டிகள் ஏறி இறங்கும் கதவைப் பற்றி. 1987 மார்ச் 6, பெல்ஜியத்தின் சீப்ரூகா துறைமுகம், ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற ஃபெரி. முன்கதவு திறந்தபடியே கப்பல் கிளம்பியது. வேகம் கூடியதும் தண்ணீர் வண்டித்தளத்தில் ஏறி, சுமார் ஒன்றரை நிமிடத்தில் கப்பல் சாய்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவை மூடவேண்டியவர் தன் அறையில் தூங்கிவிட்டிருந்தார். ஆனால் பழியை அவர் ஒருவர் தலையில் போட என் மனம் ஒப்பவில்லை. கதவின் நிலையைக் காட்ட பிரிட்ஜில் ஒரு விளக்கு வேண்டும் என்று கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தார்கள், நிர்வாகம் தரவில்லை. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வதுதான் அன்றைய நடைமுறை. இன்று விளக்கும் கேமராவும் இருக்கின்றன. இருந்தும் “மூடியாச்சு, பூட்டியாச்சு” என்று வாய்விட்டுச் சொல்லிக் கேட்காமல் நாங்கள் கயிற்றை அவிழ்ப்பதில்லை. தினம் பலமுறை செய்கிற ஒன்றை ஒவ்வொரு முறையும் முழுக் கவனத்தோடு செய்வதுதான் இங்கே தொழில். பெருங்கடலில் நமக்குக்கூட இந்தப் பயிற்சி கிடைக்கவில்லை, ராஜு.

தூங்காதவனால் அந்தக் கவனத்தைத் தரமுடியாது. அதனால்தான் 2022 மார்ச் 17 அன்று பி அண்ட் ஓ ஃபெரீஸ் 786 பேரை ஒரு வீடியோ செய்தியில் வேலையை விட்டு அனுப்பிவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு ஏஜென்சி ஆட்களை ஏற்றியபோது எனக்கு ஆறவேயில்லை. அநியாயம் என்பது ஒரு பக்கம். அந்த வழியைத் தெரிந்த அத்தனை பேரும் ஒரே நாளில் போனார்களே, அது இன்னொரு பக்கம். பிறகு 2023-இல் இரண்டு நாடுகளும் சட்டம் போட்டன. பிரிட்டன் துறைமுகங்களுக்கு வருடம் 120 முறையாவது வந்துபோகிற கப்பல் சேவைகள் இந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் தரவேண்டும். பிரான்ஸ் சட்டம் ஓய்வு நாட்களையும் சேர்த்துப் பார்க்கிறது. வேலை செய்கிற காலத்துக்குச் சமமாகக் கரையில் ஓய்வு வேண்டும் என்கிறது.

ஆகவே அவன் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் ரோஸ்டரை, அதாவது வேலை-ஓய்வு அட்டவணையை, கேட்கட்டும். எத்தனை வாரம் கப்பலில், எத்தனை வாரம் வீட்டில், இரவு டூட்டி தொடர்ந்து எத்தனை நாள், ஓய்வு நேரத்தில் தீயணைப்புப் பயிற்சிக்கு எழுப்புவார்களா, எழுப்பினால் அந்த மணிக்கணக்கை எங்கே எழுதுவார்கள். இதற்கு நேராகப் பதில் வந்தால் தாராளமாக வரட்டும், எங்கள் வீட்டில் ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது. மழுப்பினால் வேண்டாம் என்று சொல். கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். வியாழக்கிழமை நான் கரையில் இருப்பேன், அன்றே படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மணி