ஒரே தாளம், வேறு வேறு பாட்டு

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு தினசரியைத் தானே படிக்கிறார்.

மகள் கீபோர்டில் பாடத்தை விட்டுவிட்டு ரெடிமேட் தாளங்களையே தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று குறைப்பட்டிருந்தாய். தட்டட்டும், விடு. ஜமைக்காவின் இசையே அப்படி ஒரு தாளத்தால்தான் மாறியது.

நோயல் டேவி என்பவரிடம் கேசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டு இருந்தது. அதில் 'ராக்' தாளத்தை ஓடவிட்டால் பேஸும் (அடியில் ஓடும் கனத்த கீழ்ச்சுர இசை) சேர்ந்தே வரும். அவரும் பாடகர் வேய்ன் ஸ்மித்தும் அதைக் கிங்ஸ்டனில் இசைத் தயாரிப்பாளர் கிங் ஜாமியிடம் கொண்டுபோனார்கள். ஜாமி வேகத்தைக் குறைத்தார். அவ்வளவுதான், அந்தத் துள்ளல் தாளத்துக்கு ஒரு கனம் வந்துவிட்டது. அதன்மேல் வேய்ன் பாடியதுதான் 'அண்டர் மீ ஸ்லெங் டெங்'. பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிவைத்துப் பாட்டுப் போடும் குழுவை அங்கே சவுண்ட் சிஸ்டம் என்பார்கள். 1985 பிப்ரவரியில் பிளாக் ஸ்கார்ப்பியோ என்ற இன்னொரு குழுவோடு நடந்த போட்டியில் ஜாமி அதை ஒலிக்கவிட்டார். அப்புறம் ஸ்டுடியோக்கள் மெஷின் தாளத்துக்கு மாறின. கையால் வாசித்தவர்கள் பலருக்கு வேலை குறைந்தது. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. இந்தத் தாளமும் பேஸும் சேர்ந்ததை அங்கே 'ரிடிம்' என்பார்கள். ஒரு ரிடிமில் எத்தனை பேர் வேண்டுமானாலும் தங்கள் பாட்டைப் பாடலாம், அது காப்பி அல்ல. இதே ஸ்லெங் டெங்கில் டெனர் சா 'பம்ப்கின் பெல்லி' பாடினார். வேய்ன் குரலில் கொண்டாட்டம் என்றால், இவர் குரலில் ஏக்கம். சுரங்களை இழுத்து இழுத்துப் பாடும்போது கீழே ஓடுவது அதே மெஷின்தானா என்று சந்தேகம் வந்துவிடும். பாவம், 1988இல் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஜமைக்காவின் இசை வகையான ரெக்கேயில், அதன் பழைய பாணியில் பெயரெடுத்த ஜானி ஆஸ்போர்னும் 'படி பை' பாடினார். அவர் மெஷினுக்கு முன் தயங்கவே இல்லை என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அந்த 'ராக்' தாளத்தை அமைத்தவர் யார் தெரியுமா? ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். இசைக் கல்லூரியில் ரெக்கே பற்றி ஆய்வேடு எழுதிவிட்டு, 1980இல் கேசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். ஜமைக்காவைக் காதலித்த ஒருத்தியின் தாளம் ஜமைக்காவுக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது!

முதலில் வேய்ன் ஸ்மித், அடுத்து உடனே டெனர் சா, இந்த வரிசையில் மகளோடு உட்கார்ந்து கேள். அவளுக்கு யார் குரல் பிடித்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
முரளி