டென்னிங் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் வந்தது. உங்கள் சட்ட வகுப்பில் இங்கிலாந்து நீதிபதி டென்னிங் பிரபு என்றாலே சிரிக்கிறார்களாம். அப்புறம் ஏன் உங்கள் தலைமுறை வக்கீல்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடினீர்கள் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்விதான்.

எங்களை மயக்கியது முதலில் அவருடைய எழுத்து. ஹின்ஸ் எதிர் பெர்ரி தீர்ப்பை எடுத்துப் பார். விபத்து நடந்த தேதியைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே அது கென்ட் பகுதியில் புளூபெல் பூக்கும் காலம் என்கிறார். சாலைக்கு மறுபுறம் குழந்தையோடு பூப்பறிக்கப் போன தாய், கார் மோதும் சத்தம் கேட்டுத் திரும்புகிறாள். கணவர் பிழைக்கவில்லை. சட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். தீர்ப்பை இப்படியும் எழுதலாமா என்று வாயைப் பிளந்தோம்.

ஹை ட்ரீஸ் வழக்கு உனக்கே தெரியும். போர்க்காலத்தில் பாதி வாடகை போதும் என்று வாக்குக் கொடுத்த வீட்டுக்காரர், அந்தக் காலத்துக்கான மீதியைப் பிறகு கேட்டாலும் கிடைக்காது என்றார் டென்னிங். நீதிபதியாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நம் நீதிமன்றங்களில் அதைச் சொல்லி வாதாடாத சீனியர் இல்லை.

துணிக்கடைக்காரர் மகன், ஆக்ஸ்போர்டில் கணக்குப் படித்தவர், 1957இல், அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைக்கே நீதிபதியாகப் போனார். ஐந்தே வருடத்தில், தானாகவே ஒரு படி கீழே, மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தலைவராக இறங்கி வந்தார். மேலே ஐவர் அமர்வில் இன்னும் இருவரை இணங்கவைக்க வேண்டும். இங்கே மூவர் அமர்வு, ஒருவர் போதும். கணக்குப் படித்த மூளை! 1982 வரை அங்கேதான் இருந்தார்.

ஆனால் 1980 தீர்ப்பை என்னாலும் ஜீரணிக்க முடிவதில்லை. பர்மிங்ஹாம் குண்டுவெடிப்பில் தண்டிக்கப்பட்ட ஆறு பேர், காவலில் தங்களை அடித்ததாகப் போலீஸ் மீது வழக்குப் போட்டார்கள். அவர்கள் ஜெயித்தால் போலீஸ் அடித்ததும் பொய்ச்சாட்சி சொன்னதும் உண்மையாகிவிடும், அது நினைக்கவே பயங்கரம், ஆகவே வழக்கே நடக்கக்கூடாது என்றார். 1991இல் அந்த ஆறு பேரின் தண்டனையும் ரத்தானது. பதினாறு வருடம் சிறை. எளியவர்களுக்காகச் சட்டத்தை அப்படி வளைத்தவர், போலீஸைச் சந்தேகிக்க மட்டும் மறுத்துவிட்டார். 1982இல் கறுப்பின ஜூரிகளைப் பற்றித் தன் புத்தகத்தில் எழுதியது பெரும் சர்ச்சையாகி, அத்தோடு ஓய்வுபெற்றார்.

உன் வகுப்பு சிரிப்பது புளூபெல்லைப் பார்த்தா, 1980ஐப் பார்த்தா? பின்னது என்றால் நானும் உங்கள் கட்சி. இரண்டு தீர்ப்புகளையும் முழுசாகப் படித்துவிட்டு எழுது. அம்மா உன்னை ஞாயிற்றுக்கிழமை போன் செய்யச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா