தாங்கி நடக்கும் கோழி

அன்புள்ள கண்ணு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய நொண்டிக் கோழி வீடியோவை உங்கப்பாவும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். போனில் சொல்லலாம்தான். ஆனால் ஒரு கையில் கரண்டி, இடுப்பில் சின்னவன் என்று நிற்கும்போது நான் சொல்வதில் பாதியை விட்டுவிடுவாய். அதனால் எழுதி அனுப்புகிறேன், சாவகாசமாகப் படி.

மாப்பிள்ளையைத் தீவனக் கடைக்கு இப்போதைக்கு அனுப்பாதே. "கோழி நொண்டுது" என்று போய் நின்றால் கடைக்காரர் ஒரு டானிக்கும் நாலு மாத்திரையும் எடுத்துக் கொடுப்பார். அவருக்கு அது வியாபாரம். நொண்டல் தனியாக ஒரு நோய் கிடையாது. விரலில் நூல் சுற்றினாலும் கோழி நொண்டும், வயிற்றில் முட்டை சிக்கினாலும் நொண்டும், நரம்பில் நோய் வந்தாலும் நொண்டும். எது என்று பார்க்காமல் கொடுக்கிற மாத்திரையால் அதற்கும் பலன் இல்லை, அது இடுகிற முட்டையைச் சின்னவனுக்குக் கொடுக்கவும் முடியாது.

வீடியோவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொண்டை நல்ல சிவப்பாக இருக்கிறது. தீனியைப் போட்டதும் மற்றதோடு சேர்ந்து ஓடிவரப் பார்க்கிறது, ஒரு காலைத் தாங்கித் தாங்கித்தான் என்றாலும். நிற்கும்போது அந்தக் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. கழுத்து நேராக இருக்கிறது, இறக்கை தொங்கவில்லை. இதெல்லாம் நல்லது. உடம்பு முழுக்கப் படுத்துகிற நோய் வந்த கோழி இப்படித் தீனிக்கு ஓடாது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் கண்ணை மூடி நிற்கும். கோளாறு காலிலேயே இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் வீடியோவைப் பார்த்துச் சொல்வது ஓர் ஊகம், அவ்வளவுதான். கோழியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். பகலில் துரத்தாதே. துரத்தினால் அது நொண்டிக் காலோடு குதிக்கும், இருக்கிற வலி இரண்டு மடங்காகும். பொழுது சாய்ந்து கூண்டில் அடைந்த பிறகு போ. இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது, அலுங்காமல் எடுக்கலாம். சந்தையில் விற்பவர்கள் தூக்குகிற மாதிரி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கக் கூடாது. இறக்கை இரண்டையும் உடம்போடு சேர்த்து அணைத்துப் பிடி. மாப்பிள்ளை டார்ச் பிடிக்கட்டும். கோழியைக் கண்டால் அவர் ஒதுங்குவது எனக்குத் தெரியும், டார்ச் பிடிக்கவாவது வரட்டும்.

முதலில் விரல் இடுக்கைப் பார். உங்கள் பக்கம் மாடியிலிருந்து விழும் தலைமுடி, சாக்கு நூல், பட்டம் விடுகிற மாஞ்சா நூல் எல்லாம் கொல்லையில்தான் வந்து சேரும். கோழி கிளறும்போது அது விரலைச் சுற்றி இறுக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது, செதிலுக்குள் புதைந்துபோயிருக்கும். ரத்தம் ஓடாமல் விரல் வீங்கிக் கறுத்து, விட்டுவிட்டால் பிறகு உதிர்ந்தே போகும். சின்னக் கத்தரிக்கோலால் நூலை வெட்டி எடுத்தால் வேலை முடிந்தது. நம்மூரில் நொண்டுகிற கோழிகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்று உங்கப்பா சொல்வார். அவர் கணக்கு எப்போதும் கொஞ்சம் கூடத்தான், ஆனாலும் பார்த்துவிடு.

அப்புறம் உள்ளங்காலைத் திருப்பிப் பார். நான் சந்தேகப்படுவது இதைத்தான். நடுவில் கறுப்பாகக் காய்ப்புப் போல ஒரு பொருக்கு, சுற்றிலும் வீக்கம், தொட்டால் மற்றக் காலைவிடச் சூடு என்று இருந்தால் பாதத்தில் சீழ் கட்டியிருக்கிறது என்று அர்த்தம். முள்ளோ, கண்ணாடிச் சில்லோ, சிமெண்டுத் தரையின் உரசலோ தோலைக் கிழித்திருக்கும். அந்த வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். கோழிக்குக் கட்டும் சீழ் நம்முடையதுபோல் வழியாது. பால்கட்டி மாதிரி இறுகிப்போய் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் பிதுக்கினாலும் வராது. பிதுக்கவும் கூடாது, கிருமி இன்னும் ஆழத்துக்குப் போகும்.

வீக்கம் கொஞ்சமாக இருந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பைக் கரைத்து, காலை அதில் பத்து நிமிஷம் ஊற வை. துண்டால் ஒற்றி ஈரமில்லாமல் துடை. மருந்துக் கடையில் கிடைக்கிற பொவிடோன் அயோடின் தடவி, மேலே கட்டுத்துணி வைத்து, விரல்கள் வெளியே தெரிகிற மாதிரி கட்டு. இறுக்கிக் கட்டினால் நூல் சுற்றிய கதைதான். தினமும் அவிழ்த்துப் பார்த்துப் புதுக்கட்டுப் போடு. மஞ்சள் பற்றுப் போடுகிறேன் என்றால் போடு, கெடுதல் இல்லை. சாணம், அடுப்புச் சாம்பல், மண்ணெண்ணெய் என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடு. அந்தச் சீழில் இருக்கும் கிருமி மனிதர் தோலிலும் பிடிக்கும். கையுறை போட்டுக்கொள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவு, சின்னவனைப் பக்கத்தில் விடாதே.

வீக்கம் பெரிதாக இருந்தாலோ, கணுக்கால் வரைக்கும் ஏறியிருந்தாலோ பிளேடை எடுக்காதே. அரசுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போ. அங்கே மரத்துப்போக மருந்து போட்டு, உள்ளே இருக்கிற கட்டியை எடுத்து, என்ன மாத்திரை எத்தனை நாள் என்று எழுதித் தருவார்கள். எத்தனை நாளைக்கு முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் கேட்டுக்கொண்டு வா. கேட்காவிட்டால் சில பேர் சொல்ல மாட்டார்கள். வழி தெரியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்குப் பேசு, கால்நடைக்கு அதுதான் அவசர எண்.

உள்ளங்கால் சுத்தமாக இருக்கிறதா? அப்படியானால் காலை மேலே மெல்லத் தடவிக்கொண்டே போ. எலும்பு உடைந்திருந்தால் கை வைத்த இடத்தில் துள்ளும், கால் தொளதொளவென்று ஆடும். செதில்கள் தூக்கிக்கொண்டு, வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியதுபோல் இருந்தால் அது செதிலுக்கடியில் குடியிருக்கும் பூச்சி. வேப்பெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தாராளமாகத் தடவினால் மூச்சு முட்டிச் சாகும். ஒரு தடவை தடவிவிட்டு விட்டுவிடாதே, சில வாரம் தொடர்ந்து தடவ வேண்டும். கூண்டுச் சந்திலும் டார்ச் அடித்துப் பார். கோழி உண்ணி பகலில் விரிசலுக்குள் ஒளிந்துகொண்டு ராத்திரியில்தான் வந்து ரத்தம் குடிக்கும். அதன் கடியாலேயே கால் சோர்ந்து விழுகிற கோழியும் உண்டு. குஞ்சு உண்ணி சில நாள் கோழி மேலேயே ஒட்டியிருக்கும், வளர்ந்ததைக் கூண்டில்தான் தேட வேண்டும்.

இது முட்டை இடுகிற கோழி என்பதால் வயிற்றையும் தொட்டுப் பார்த்துவிடு. வாலை ஏற்றி இறக்கி முக்கிக்கொண்டு, உடம்பை நிமிர்த்தி நின்றால் முட்டை சிக்கியிருக்கலாம். அது நரம்பை அழுத்தினால் கால் இழுக்கும். வெந்நீர் வேண்டாம், கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் வயிறு முங்குகிற மாதிரி கால்மணி நேரம் உட்கார வைத்து, துடைத்து, இருட்டாக அமைதியான இடத்தில் விடு. அப்படியும் வராவிட்டால் அன்றைக்கே டாக்டர். உள்ளே முட்டையை உடைத்து எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே.

இன்னொன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அதற்கு மிஞ்சின சோறும் அரிசிக் குருணையும் மட்டும்தானே போடுகிறாய்? ஒரு முட்டை ஓட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச்சத்து வேண்டும். தீனியில் இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். நாளாக ஆக எலும்பு மெலிந்து, நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடும். கிளிஞ்சலை நுணுக்கி ஒரு சட்டியில் தனியாக வை, வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். முட்டை ஓட்டை வறுத்துத் தூளாக்கியும் வைக்கலாம். முருங்கைக் கீரை, கம்பு, கிடைத்தால் கரையான். முட்டைக் கோழித் தீவனம் வாங்கிக் கலந்தால் இன்னும் நல்லது.

இப்போது உங்கள் கூண்டைப் பற்றி. வீடியோவில் பின்னால் தெரிந்தது. சிமெண்டுத் தரை, கோழி ஏறி உட்கார இடுப்பு உயரத்தில் இரும்புக் குழாய். பெருவிடைக் கோழி அந்தக் கனத்தோடு காலையில் அவ்வளவு உயரத்திலிருந்து சிமெண்டில் குதித்தால் உள்ளங்கால் என்னாகும்? நம் வீட்டுச் சிறுவிடை புளியமரத்தில் ஏறிப் படுக்கும், ஆனால் அது எடை குறைச்சல், கீழே மண். குழாயை எடுத்துவிட்டு, முனை மழுக்கிய இரண்டு அங்குல அகலக் கட்டையை முழங்கால் உயரத்துக்கும் கீழே போடச் சொல். தரையில் கடலைத் தோலோ உமியோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பு. ஈரமானால் அள்ளிப்போட்டுவிட்டுப் புதுசு போடு. இதைச் செய்யாமல் காலுக்கு மட்டும் மருந்து போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த மாதம் இன்னொரு கோழி வீடியோவில் வரும்.

கால் ஆறுகிறவரை அதைத் தனியாக வை. கோழிக் கூட்டத்துக்கு இரக்கம் கிடையாது. ஒன்று சோர்ந்தது தெரிந்தால் மற்றதெல்லாம் சேர்ந்து கொத்தும், தீனிக்கு அண்ட விடாது. அதற்காகக் கண்காணாத அறையில் பூட்டாதே. நாளாகிவிட்டால் மறந்துபோய், திரும்ப விடும்போது புதுக்கோழி என்று அடிக்கும். கூட்டத்தின் நடுவிலேயே பஞ்சாரத்தைக் கவிழ்த்து அதற்குள் விடு, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். தண்ணீரும் தீனியும் எழுந்து நடக்காமல் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். சேர்க்கிறபோது ராத்திரியில் கொண்டுபோய் நடுவில் உட்கார வை.

நீ பயப்பட வேண்டியது எப்போது என்றும் சொல்லிவிடுகிறேன். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, வாயைத் திறந்து மூச்சு விட்டு, கழுத்து திருகிக்கொண்டு, கால் இழுத்தால் அது வெள்ளைக்கழிச்சல், டாக்டர்கள் ராணிக்கெட் என்பார்கள். வந்தபின் மருந்து இல்லை. அந்தச் சமயத்தில் மற்றக் கோழிகளைக் காப்பாற்றுவதுதான் வேலை. கீழாநெல்லி, மிளகு, சீரகம் அரைத்துக் கொடுப்பார்கள். கொடுக்கலாம், ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது. குஞ்சுக்கு 7ஆம் நாள் சொட்டு, 8ஆவது வாரம் இறக்கையில் ஊசி. பிப்ரவரி வாக்கில் கால்நடைத் துறையே இருவார முகாம் நடத்தி இலவசமாகப் போடும், உங்கள் பக்கம் எங்கே என்று விசாரித்து வை. இன்னொன்று மாரெக் நோய். பெரும்பாலும் சில மாத வயது இளங்கோழிக்குத்தான் வரும். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக்கொண்டு சரிந்து கிடக்கும். அதற்கும் மருந்தில்லை. பொரித்த அன்றே குஞ்சுக்குப் போடுகிற ஊசி ஒன்றுதான் தடுப்பு. அடுத்த தடவை குஞ்சு வாங்கும்போது அது போட்டதுதானா என்று கேட்டு வாங்கு. திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காதே, உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லிவிடு.

உன் மாமியார், "இதுக்குப்போய் ஆஸ்பத்திரியா, அறுத்துக் குழம்பு வை" என்றாராமே. அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, வருத்தப்படாதே. கால் உடைந்து, மற்றபடி திடமாக இருக்கும் கோழியை அறுப்பதில் தப்பொன்றும் இல்லை, நம் வீட்டிலும் அதைத்தான் செய்வோம். நோய்ப்பட்டதையும் மருந்து கொடுத்ததையும் சமைக்கக் கூடாது, அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. இந்தக் கோழிக்கு இப்போது அந்தப் பேச்சே வேண்டியதில்லை. மாரெலும்பைத் தடவிப் பார், கத்தி முனைபோல் துருத்தாமல் இருபுறமும் சதை இருந்தால் அதற்குத் தெம்பு இருக்கிறது. சாப்பிடுகிறவரை, தானே எழுந்து நிற்கிறவரை பார்க்கலாம். தீனியை விட்டு, எழவும் முடியாமல் தன் எச்சத்திலேயே கிடக்கிற நிலை வந்தால் பாவம் பார்த்து இழுத்தடிக்காதே. டாக்டரிடமே கொண்டுபோய் வலியில்லாமல் முடித்துவிடச் சொல். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதை, நாய் தோண்டாதபடி. சின்னவன் கேட்டால் ஊருக்குப் போய்விட்டது என்று சொல்லாதே. இங்கே வந்ததும் என் கொல்லையில் தேடுவான், நான் என்ன பதில் சொல்வது?

வர்ற வியாழக்கிழமை உன் மாமா பையன் மெட்ராஸ் வருகிறான். பஞ்சாரம் ஒன்றும் கம்பு ஒரு பையும் கொடுத்தனுப்புகிறேன். பஸ்ஸில் பஞ்சாரத்துக்கு லக்கேஜ் கேட்பார்களே என்று இப்போதே முனகுகிறான், அவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பு. அதுவரைக்கும் பெரிய அட்டைப் பெட்டியில் காற்று ஓட்டை போட்டு, நிழலில் வைத்துச் சமாளி. உள்ளங்காலைப் பார்த்துவிட்டு என்ன இருந்தது என்று போன் பண்ணு, முடிந்தால் போட்டோவும் எடுத்து அனுப்பு. ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு. அதுவரை உங்கப்பா டிவியில் நியூஸ் ஓட விட்டிருப்பார், எனக்கு ஒன்றும் காதில் விழாது.

அம்மா