அரையாண்டுத் தேர்வு வருகிறது, பிள்ளைகளைத் தூங்க விடுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இந்தக் கடிதம் வருகிறது. ஒரு முடிவைத் தெரிவிக்க வேண்டும், உங்களிடம் ஒரு உதவியும் கேட்க வேண்டும்.

முடிவு இதுதான். காலை 7.15 மணி சிறப்பு வகுப்பு வரும் திங்கள்கிழமை முதல் கிடையாது. அதற்குப் பதில் மாலை 4.30 முதல் 5.30 வரை நடக்கும். கேட்கும் உதவி: பிள்ளைகள் இரவு பத்து மணிக்குப் படுத்து, காலை ஆறு மணி வரை நிம்மதியாகத் தூங்கட்டும். தேர்வு நெருங்க நெருங்க இதை மாற்றாதீர்கள்.

பொதுத்தேர்வு எழுதும் வருடத்தில் இப்படிச் சொல்கிறாரே என்று சிலருக்குக் கோபம் வரும், தெரியும். காரணத்தை விளக்கமாகவே சொல்கிறேன்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களை ஆசிரியர்களோடு உட்கார்ந்து நானும் பார்த்தேன். நன்றாகப் படிக்கும் ஒரு மாணவியின் கணக்குத் தாளில் முதல் இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி இருந்தது. மூன்றாம் பக்கத்தில் எழுத்து சரிந்துகொண்டே வந்து, ஒரு வரியின் நடுவில் பேனா மட்டும் தனியாகக் கீழே கோடு இழுத்திருந்தது. அந்த இடத்தில் பிள்ளை கண்ணசந்திருக்கிறாள். அதற்கு மேலே சூத்திரம் சரி, பிரதியிட்டதும் சரி. கீழே கூட்டல் குறி கழித்தலாகிவிட்டது. விசாரித்தால், இரவு பன்னிரண்டரை வரை படித்துவிட்டு நாலரைக்கு எழுந்திருக்கிறாள். அவளுக்குக் கணக்குத் தெரியும். போன மதிப்பெண்ணெல்லாம் தூக்கத்தால் போனது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் 535 பேரை வைத்து அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் இதையே ஆராய்ந்தார்கள். ஒன்பது, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளில் ஒவ்வொரு முறையும் 14 நாட்களுக்கு, எவ்வளவு நேரம் படித்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம், மறுநாள் வகுப்பில் என்ன ஆனது என்று பிள்ளைகளே குறித்து வைத்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. வழக்கத்தைவிட அதிகம் படிப்பதற்காகத் தூக்கத்தைக் குறைத்தால், மறுநாள் பாடம் புரியவில்லை, டெஸ்ட் சரியாக எழுதவில்லை என்ற குறிப்புகள்தான் கூடின. தினமும் நிறையப் படிக்கும் பிள்ளைக்கும் இது பொருந்தியது, குறைவாகப் படிக்கும் பிள்ளைக்கும் பொருந்தியது. இரவில் கூடுதலாகப் படித்ததை மறுநாள் வகுப்பறையில் இழந்துவிடுகிறார்கள்.

விடியற்காலையில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சொன்ன தாத்தாவும் பாட்டியும் எட்டு மணிக்குப் படுத்தவர்கள், அவர்களுக்கு நாலு மணிக்குத் தூக்கம் நிறைந்திருக்கும். பதினாறு வயதுப் பிள்ளையின் உடம்பு வேறு. தூக்கத்துக்கு நம்மைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் பருவ வயதில் இரவு தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். உங்கள் பையன் ஒன்பது மணிக்குத் தூக்கம் வரவில்லை என்றால் அது சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை. அதே பையனை நாலு மணிக்கு உலுக்கி எழுப்பினால், புத்தகம் மடியில் இருக்கும், படிப்பு நடக்காது. 13 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. நான் கேட்பது அதில் குறைந்த அளவுதான்.

காலை வகுப்பை நிறுத்தலாம் என்ற தைரியம் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தைப் பற்றிப் படித்த பிறகு வந்தது. அங்கே 2016இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45க்குத் தள்ளினார்கள். நேரம் இருக்கிறதே என்று பிள்ளைகள் இன்னும் தாமதமாகப் படுப்பார்கள் என்று பலர் நினைத்தார்கள். மணிக்கட்டில் கருவி கட்டி அளந்து பார்த்தால், தூக்கம் 6 மணி 50 நிமிடத்திலிருந்து 7 மணி 24 நிமிடமாகக் கூடியிருந்தது. ஆய்வு நடந்த வகுப்புகளில் மதிப்பெண்ணும் ஏறியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படித்த பள்ளியில் வருகையும் நேரத்துக்கு வருவதும் கூடின. நம் பள்ளி மணியை மாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை. சிறப்பு வகுப்பின் நேரத்தை மாற்றலாம், மாற்றிவிட்டோம். கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடிக்க ஐந்து மணிக்கே எழுந்த பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. மாலையில் 5.45 பஸ்ஸில் எல்லாரையும் ஏற்றிவிட்டுத்தான் பொறுப்பு ஆசிரியர் கிளம்புவார், கவலை வேண்டாம்.

சரி, தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் சீக்கிரம் படுத்தால் போதாதா? போதாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வேதியியல் பாடம் படித்த 100 மாணவர்களுக்குத் தூக்கத்தை அளக்கும் கைப்பட்டை கொடுத்து ஒரு பருவம் முழுக்கக் கவனித்தார்கள். 2019இல் வந்த அந்த ஆய்வில், தேர்வுக்கு முந்தின இரவுத் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தெரியவில்லை. பாடம் நடந்த வாரங்களில், மாதத்தில் எவ்வளவு தூங்கினார்கள், ஒழுங்காக ஒரே நேரத்துக்குத் தூங்கினார்களா என்பதுதான் மதிப்பெண்ணோடு சேர்ந்து நின்றது. டிசம்பரைப் பற்றி நவம்பரிலேயே நான் எழுதுவது இதனால்தான்.

நேரம் குறைந்தால் பாடம் எப்படி முடியும் என்று அடுத்து கேட்பீர்கள். படிக்கும் விதத்தை மாற்ற வேண்டும். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவையும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, வாசித்த குழுவுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்த குழுவுக்கு 61 சதவீதம். வாசித்து முடித்ததும் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நிறைவு வரும், பரீட்சை ஹாலில் அது உதவாது.

ஆகவே புத்தகத்தை மூடிவைத்து எழுதச் சொல்லுங்கள். இதயத்தின் படத்தைப் பார்க்காமல் வரைந்து பாகம் குறிக்கட்டும், அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். “எங்களுக்குப் படிக்கத் தெரியாதே சார்” என்று போன கூட்டத்தில் ஒரு அம்மா தயங்கினார். படிக்கத் தெரிய வேண்டியதில்லை அம்மா. அடுப்படியில் வேலை செய்துகொண்டே, “இன்றைக்கு என்ன பாடம் நடத்தினார்கள், எனக்குப் புரியும்படி சொல்” என்று கேளுங்கள். பிள்ளை பார்க்காமல் சொல்லும் அந்தப் பத்து நிமிடம், வெறும் வாசிப்பில் போகும் நேரத்தைவிட மேல்.

வீட்டு நிலைமையும் தெரிந்துதான் எழுதுகிறேன். பலர் ஒரே அறையில் இருக்கிறீர்கள். கடை அடைத்துவிட்டு அப்பா பத்தரைக்குத்தான் சாப்பிட வருவார். பத்து மணிக்கு மேல் டிவி சத்தத்தையாவது குறையுங்கள். செல்போன் பிள்ளையின் தலையணை அருகில் வேண்டாம், பெரியவர்கள் பக்கத்தில் சார்ஜில் கிடக்கட்டும். டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வீடு திரும்பும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். நேரத்தை முன்தள்ளச் சொல்லி டியூஷன் ஆசிரியரிடம் பேசுங்கள், முடியாவிட்டால் நிறுத்துவதைப் பற்றி என்னிடம் வந்து பேசுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அண்ணனும் தம்பியும் தூங்கும்போது ஐந்து மணிக்கே எழுந்து தண்ணீர் பிடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அவள்தான் என்று வகுப்பாசிரியைகள் சொல்கிறார்கள். இந்த மூன்று மாதமாவது அந்த வேலையைப் பையன்களோடு பகிருங்கள். அவளும் அதே வினாத்தாளைத்தான் எழுதப் போகிறாள்.

படுத்தும் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும் பிள்ளைகளும் உண்டு. மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. 2022இல் நாடு முழுக்கச் சுமார் 3.79 லட்சம் மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், படிப்பும் தேர்வும் முடிவுகளுமே தங்கள் பதற்றத்துக்குக் காரணம் என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சாப்பாட்டு நேரத்தில் எடுக்காதீர்கள். பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், வாரக்கணக்கில் தூங்காமல் இருந்தால் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள், அல்லது 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். காலாண்டு விடைத்தாள்களை உங்கள் கையில் கொடுப்போம். வேலைக்குப் போகிறவர்கள் மாலை 6 மணிக்கு வரலாம், நான் இருப்பேன். பஸ் நேரத்தில் சிரமம் உள்ளவர்கள் அதற்கு முன்பே வகுப்பாசிரியரிடம் ஊர் பெயரை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்